'தேர்ட்டீன்' ரீமேக்: மதிப்பெண் சரி, காரணம்தான் இடிக்கிறது

ஒரு கேம் மோசம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கும் அது மோசம் என்றுதான் படுகிறது. ஆனாலும் அந்தத் தீர்ப்புகளைப் படிக்கும்போதெல்லாம் ஏதோ ஒன்று இடித்துக்கொண்டே இருக்கிறது. 2003இல் வந்த 'தேர்ட்டீன்' என்ற சுடும் கேமைப் புதிதாக உருவாக்கிய ரீமேக், 2020 நவம்பர் 10 அன்று வெளிவந்தது. அந்த வாரம் வந்த விமர்சனங்களில் கண்ணில் பட்டதையெல்லாம் படித்தேன். ஆண்டின் படுமோசமான வெளியீடுகளில் ஒன்று என்றார்கள். விமர்சகர்களின் மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் சராசரி நாற்பதைத் தொடவில்லை. கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் வாங்கியவர்களின் கட்டைவிரல்கள் வரிசையாகக் கீழே திரும்பின. இதில் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் ஏன் மோசம் என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பட்டியல்தான் கிடைத்தது: ஃப்ரேம் ரேட் (நொடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்பது) தடுமாறுகிறது, எதிரிகள் சுவரில் சிக்கிக்கொள்கிறார்கள், துப்பாக்கிச் சத்தம் சில நேரம் வரவே இல்லை, கேம் பாதியில் நின்றுபோகிறது. இதெல்லாம் முடிந்த பிறகு, போகிற போக்கில் ஒரு வரி: தோற்றத்தையும் மாற்றிவிட்டார்கள். அந்தக் கடைசி வரிதான் முதல் வரியாக இருந்திருக்க வேண்டும் என்று எனக்கு அன்றே தோன்றியது. ஏன் என்று சொல்லத்தான் தெரியவில்லை. அதைத் தெளிவாகச் சொல்ல எனக்கு 2022 வரை ஆனது.

பழைய கேமை விளையாடியவர்களுக்கு இந்த இடிப்பு புரியும். 2003 நவம்பரில் யூபிசாஃப்ட் நிறுவனத்தின் பாரிஸ் ஸ்டூடியோ அதை வெளியிட்டபோது ஷூட்டர் எனப்படும் சுடும் கேம்கள் எல்லாமே நிஜத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தன. 'கால் ஆஃப் டியூட்டி'யின் முதல் பாகம் வந்து ஒரு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. 'ஹாஃப் லைஃப் 2', 'டூம் 3' இரண்டுக்கும் உலகமே காத்திருந்தது. தோலில் தெரியும் துளை, உலோகத்தில் படும் ஒளி, சுவரில் நகரும் நிழல் இவற்றைக் காட்டித்தான் ஒவ்வொரு நிறுவனமும் கேம் விற்றது. அந்த நேரத்தில் 'அன்ரியல் இன்ஜின் 2' போன்ற, கேம் உருவாக்கும் பலமான மென்பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, தட்டையான நிறமும் கருப்புக் கோடுமாக ஒரு கேமைக் கொண்டுவருவதற்குத் துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சலுக்குச் சந்தை பரிசு கொடுக்கவில்லை. அதே மாதம் யூபிசாஃப்டிலிருந்தே 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: தி சாண்ட்ஸ் ஆஃப் டைம்', 'பியாண்ட் குட் அண்ட் ஈவில்' இரண்டும் வெளிவந்தன. மூன்றையும் ஒரே பண்டிகைக் காலத்தில் இறக்கியதில் 'தேர்ட்டீன்' எதிர்பார்த்த அளவு விற்காமல் போனது. ரசிகர்கள் மெல்ல மெல்லத்தான் சேர்ந்தார்கள். சிறிய ஆனால் தீவிரமான ரசிகர் கூட்டம் கொண்டாடும் கல்ட் கிளாசிக் என்ற பெயரும் அப்படித்தான் வந்தது.

மையால் வரைந்த கதை

கதையின் மூலம் ழான் வான் ஹாம் எழுதி வில்லியம் வான்ஸ் வரைந்த பெல்ஜியக் காமிக்ஸ். 1984இல் தொடங்கியது. தமிழில் லயன் காமிக்ஸ் வழியாக 'இரத்தப் படலம்' என்று படித்தவர்களுக்குக் கதையைச் சொல்ல வேண்டியதில்லை: கடற்கரையில் ஒதுங்கியவன், நினைவு இல்லை, காறை எலும்பருகே ரோமன் எண்ணில் பதின்மூன்று, தலைக்கு மேல் ஒரு ஜனாதிபதி கொலைப்பழி. அதைக் கருப்பு வெள்ளைத் தொகுப்பில் படித்தவர்களிடம் வான்ஸின் கோட்டைப் பற்றியும் விளக்க வேண்டாம். வண்ணம் இல்லாத பக்கத்தில் எல்லா வேலையையும் மைதான் செய்தாக வேண்டும். யார் முன்னால், யார் பின்னால், எங்கிருந்து வெளிச்சம் வருகிறது, யார் முகத்தில் பயம் என்று அத்தனையும் கோட்டின் தடிமனிலிருந்துதான் தெரிகிறது. வான்ஸ் கேலிச்சித்திரக்காரர் இல்லை. ஹெலிகாப்டரும் சீருடையும் துப்பாக்கியும் அவர் பக்கத்தில் அசலாகவே இருக்கும். முகங்களில் கனமான நிழல் விழுந்திருக்கும். பெரியவர்களுக்கான அரசியல் சதிக் கதைக்குத் தேவையான இறுக்கம் அந்தக் கோட்டில் இருந்தது.

பாரிஸ் ஸ்டூடியோ முதல் ஐந்து ஆல்பங்களை எடுத்துக்கொண்டது. கோட்டைத் திரைக்குக் கொண்டுவர அவர்கள் பயன்படுத்தியது செல் ஷேடிங். வழக்கமான முப்பரிமாண கேமில் ஒளி ஒரு பொருளின் மேல் சிறிது சிறிதாக மங்கி இருட்டில் போய்ச் சேரும். செல் ஷேடிங்கில் அந்த மங்கலே கிடையாது. வெளிச்சம் ஒரு பட்டை, நிழல் ஒரு பட்டை, மிஞ்சினால் நடுவில் இன்னொன்று. அதற்கு மேல் உருவத்தைச் சுற்றிக் கருப்புக் கோடு. அந்தக் காலத்தில் இந்தக் கோட்டைப் போடுவதற்குப் பரவலாக இருந்த வழி எளிமையானது: அதே உருவத்தைக் கொஞ்சம் ஊதிப் பெரிதாக்கி, முழுக்கக் கருப்படித்து, அதன் உள்பக்கம் மட்டும் தெரிகிற மாதிரி அசல் உருவத்தைச் சுற்றிப் போர்த்திவிடுவார்கள். ஓரத்தில் எட்டிப் பார்க்கும் கருப்புதான் நாம் பார்க்கும் கோடு. 2000இல் 'ஜெட் செட் ரேடியோ'வும் 2002இல் 'விண்ட் வேக்க'ரும் இந்தப் பாணியைக் காட்டிவிட்டன. ஆனால் அவை ஓடியாடும் கேம்கள், சாகச கேம்கள். சுடும் விளையாட்டில் கோடு வேறு வேலை செய்கிறது. தூரத்தில் நிற்பவன் பின்னணியோடு கலந்துபோகாமல் பிரிந்து தெரிகிறான். எங்கே பார்க்க வேண்டும், எங்கே சுட வேண்டும் என்று கண்ணுக்கு அதுதான் முதலில் சொல்கிறது.

கோட்டோடு நிற்கவில்லை. வெடித்தால் வெடிச்சத்தம் பெரிய எழுத்தாக எழும்பும். உயரத்திலிருந்து விழுகிறவனின் அலறல் எழுத்தாக அவனோடு சேர்ந்து கீழே போகும். தூரத்திலிருந்து குறுக்குவில்லால் ஒருவன் தலையில் அடித்தால், திரையின் மேல் மூன்று சிறு பேனல்கள் (காமிக்ஸ் கட்டங்கள்) வரிசையாகத் திறந்து அவன் முகத்தை நெருக்கத்தில் காட்டும். வேறெங்கோ ஒரு காவலன் கிளம்பி வருகிறான் என்றால் மூலையில் ஒரு கட்டம் திறந்து அதைச் சொல்லும். இவற்றை அலங்காரம் என்றுதான் அப்போதும் பலர் எழுதினார்கள். விளையாடிப் பார்த்தால் அலங்காரம் இல்லை என்று தெரியும். அடி விழுந்ததா என்ற கேள்விக்குப் பதில் அந்தப் பேனலில் இருக்கிறது. அடுத்து எங்கிருந்து ஆபத்து என்பதற்கான பதில் மூலைக் கட்டத்தில் இருக்கிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது காலடிச் சத்தம். கதை நகர நகர நாயகனுக்குப் பழைய நினைவுகள் துண்டு துண்டாகத் திரும்புகின்றன. அவற்றோடு பழைய திறமைகளும் திரும்புகின்றன. அதில் ஒன்று ஆறாவது புலன். அது கிடைத்த பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பவனின் காலடி நமக்கு எழுத்தாகத் தெரியும்: டப், டப், டப். தூரத்தில் இருந்தால் சிறிதாக, நெருங்கினால் பெரிதாக. நான் பெரும்பாலும் சத்தத்தை நன்றாகக் குறைத்து வைத்துத்தான் விளையாடுவேன். அப்படியும் எனக்கு எதுவும் குறையவில்லை. கதவோரம் நின்று அந்த எழுத்துகள் பெரிதாவதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். ஒரு கட்டத்தில் கை தானாகவே நகரும். அவன் திரும்பும் நேரம் எனக்கு முன்பே தெரிந்திருக்கும். காதால் செய்ய வேண்டிய காரியத்தைக் கண்ணால் செய்ய வைக்கிற ஒரு ஷூட்டரை அதற்கு முன்பு நான் விளையாடியதில்லை. அதன் பிறகும் அந்த அளவுக்குச் செய்ததாக ஒன்றைச் சொல்ல முடியவில்லை.

எழுபது மதிப்பெண் கிளாசிக்

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2020இல் ரீமேக்கைத் திட்டிய கட்டுரைகள் பலவும் பழைய கேமை ஒரு மாசுமருவற்ற பொக்கிஷம்போல எழுதின. 2003இல் யாரும் அப்படி எழுதவில்லை. அன்றைய சராசரி நூற்றுக்கு எழுபதுகளில்தான் இருந்தது. தோற்றத்தைப் பாராட்டினார்கள். நாயகனுக்கு நடிகர் டேவிட் டுகோவ்னியும் கதையில் வரும் ஜெனரல் கேரிங்டனுக்கு நடிகர் ஆடம் வெஸ்டும் குரல் கொடுத்ததைப் பெரிதாகப் பேசினார்கள். கூடவே குறைகளையும் தயங்காமல் சொன்னார்கள்: பாதை நேர்கோடாகப் போகிறது, எதிரிகளுக்குப் புத்தி போதாது, ஒளிந்து நகரும் இடங்களில் ஒருமுறை பார்க்கப்பட்டாலே பழைய செக்பாயிண்டுக்கு, அதாவது ஆட்டம் கடைசியாகப் பதிவான இடத்துக்கு, திரும்ப வேண்டியிருக்கிறது. அத்தனையும் நியாயமான குறைகள். நானும் அந்தப் பனிமலை ராணுவ முகாமில் பல்லைக் கடித்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் மேல், கதை ஒரு பெரிய திருப்பத்தைக் காட்டிவிட்டு 'தொடரும்' என்று சொல்லி நின்றுவிடும். அந்தக் கதையை முடித்துவைக்கும் நேரடித் தொடர்ச்சி வரவே இல்லை.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குறையே இல்லாத ஒரு படைப்பை ரீமேக் செய்ய யாருக்கும் அவசியம் இல்லை. குறைகள் இருந்த, ஆனால் நடுவில் ஒரு அசாதாரணமான யோசனையை வைத்திருந்த கேம்தான் ரீமேக்குக்கு ஏற்றது. 'தேர்ட்டீ'னைப் போல அதற்குப் பொருத்தமான இன்னொன்றைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம். அந்த நடு யோசனையை அப்படியே வைத்துக்கொண்டு, எதிரிகளுக்குப் புத்தி கொடுத்து, செக்பாயிண்டுகளைச் சரிசெய்து, முடிவையும் முடித்துவைத்திருந்தால் போதும். நடந்தது நேர்மாறு. எது நன்றாக இருந்ததோ அதை மாற்றினார்கள், எது நன்றாக இல்லையோ அதை வைத்துக்கொண்டார்கள். பழைய கேமைத் தெய்வமாக்கிய விமர்சனத்தால் இதைச் சொல்ல முடியாது. பழையதில் குறையே இல்லை என்று ஆரம்பித்துவிட்டால், ரீமேக் எதைத் திருத்தியிருக்க வேண்டும் என்ற கேள்வியே எழாமல் போய்விடுகிறது.

அந்த நவம்பர்

2019 ஏப்ரலில், கேம் வெளியிடும் மைக்ராய்ட்ஸ் நிறுவனம் ரீமேக்கை அறிவித்தது. உருவாக்கியது மால்டாவில் இருந்த ப்ளேமேஜிக் என்ற ஸ்டூடியோ. 2019 நவம்பர் 13 என்று தேதி குறித்தார்கள். பதின்மூன்றாம் தேதி என்பதில் ஒரு அழகு இருந்தது. பிறகு ஓராண்டு தள்ளிப்போட்டார்கள். தள்ளிப்போனது எனக்கு நல்ல செய்தியாகவே பட்டது. ஆனால் முன்னோட்டக் காட்சிகளைப் பார்த்தபோதே மனது ஒட்டவில்லை. கருப்புக் கோடு மெலிந்திருந்தது. முகங்கள் வழவழப்பாக, ரப்பர் பொம்மைபோல உருண்டிருந்தன. நிழல் பட்டையாக விழாமல் மெதுவாகக் கரைந்தது. பார்த்த பலருக்கும் நினைவுக்கு வந்தது கார்ட்டூன் தோற்றம் கொண்ட 'ஃபோர்ட்நைட்' என்ற ஆன்லைன் கேம். அந்த ஒப்பீட்டை வசையாகச் சொன்னார்கள். எனக்கு அது வசையாகப் படவில்லை. 'ஃபோர்ட்நைட்'டின் தோற்றம் அதன் ஆட்டத்துக்குப் பொருந்துகிறது. அந்தத் தோற்றத்துக்கு வான்ஸின் கதையோடு என்ன உறவு என்பதுதான் என் கேள்வி. வான்ஸ் 2018இல் காலமாகிவிட்டார்.

வெளியான நாளும் விசித்திரமான நாள். மூல கேமை வெளியிட்ட யூபிசாஃப்ட் அதே நவம்பர் 10 அன்று 'அசாசின்ஸ் கிரீட் வல்ஹாலா'வை வெளியிட்டது. புதிய எக்ஸ்பாக்ஸும் அன்றுதான் விற்பனைக்கு வந்தது. இரண்டு நாள் கழித்து பிளேஸ்டேஷன் 5 வந்தது, அதோடு புளூபாயிண்ட் என்ற ஸ்டூடியோ உருவாக்கிய 'டீமன்ஸ் சோல்ஸ்' ரீமேக்கும் வந்தது. ஒரு பழைய கேமை எப்படித் தொட வேண்டும் என்பதற்கு உதாரணமாகப் பலர் காட்டும் வேலை அது. ஒரே வாரத்தில் இரண்டு ரீமேக்குகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்படி ஆகிவிட்டது. கையிருப்பிலும் ஆள்பலத்திலும் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆனால் வாங்குகிறவருக்கு அந்தத் தூரம் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

சில நாட்களிலேயே மைக்ராய்ட்ஸும் ப்ளேமேஜிக்கும் சேர்ந்து மன்னிப்புக் கேட்டன. கேம் தாங்கள் நினைத்த தரத்தில் இல்லை, பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டிலிருந்தே வேலை செய்ததால் சோதனைப் பணிகள் பாதிக்கப்பட்டன, சரிசெய்து தருகிறோம் என்றார்கள். அதை நான் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். அந்த ஆண்டு எல்லா ஸ்டூடியோக்களும் அவதிப்பட்டன, சிறிய குழுக்கள் அதிகமாகவே பட்டன. ஆனால் என்ன சரிசெய்யப் போகிறார்கள் என்று பார்த்தால், விமர்சனங்களில் வந்த அதே பட்டியல்: ஃப்ரேம் ரேட், ஒலி, எதிரிகளின் புத்தி, நின்றுபோவது. விமர்சனம் எதைச் சுட்டிக்காட்டியதோ அதைத் திருத்தக் கிளம்பினார்கள். அப்படித்தானே நடக்கும்? அதனால்தான் விமர்சனம் காரணத்தைச் சரியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மதிப்பெண் கீழே இருந்தால் மட்டும் போதாது.

2022 செப்டம்பர் 13

திருத்தும் பொறுப்பு பிறகு டவர் ஃபைவ் என்ற இன்னொரு ஸ்டூடியோவுக்குப் போனது. 2022 செப்டம்பர் 13 அன்று, மறுபடியும் பதின்மூன்றாம் தேதி, அவர்களுடைய பெரிய அப்டேட் வெளிவந்தது. ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு இலவசம். தள்ளிப்போயிருந்த, நிண்டெண்டோவின் ஸ்விட்ச் கருவிக்கான பதிப்பும் அன்றே வந்தது. சும்மா ஒட்டுப்போட்ட பேட்ச் அல்ல அது. எதிரிகளின் நடத்தையைத் திருத்தினார்கள், ஒலியைத் திருத்தினார்கள், திரையில் தெரியும் தகவல்களை மாற்றியமைத்தார்கள், பதின்மூன்று பேர் சேர்ந்து ஆடும் ஆன்லைன் ஆட்டத்தையும் சேர்த்தார்கள். 2020இல் ஒரே திரையைப் பிரித்து ஆடுவது மட்டும்தான் இருந்தது. முக்கியமாக, தோற்றத்தையும் பழைய கேமை நோக்கித் திருப்பினார்கள். கோடு திரும்பி வந்தது.

எனக்குத் தெளிவு பிறந்தது இந்தப் பதிப்பை விளையாடியபோதுதான். 2020 பதிப்பில் இரண்டு நோய்கள் ஒரே உடம்பில் இருந்தன, எது எந்த வலிக்குக் காரணம் என்று பிரிக்க முடியவில்லை. 2022இல் ஒன்று பெரும்பாலும் குணமாகிவிட்டது. கேம் ஒழுங்காக ஓடியது. துப்பாக்கி சுட்டால் சுட்ட மாதிரி இருந்தது. எதிரிகள் ஓடி ஒளிந்தார்கள், சுற்றி வந்தார்கள். சரி, இனி அனுபவிக்கலாம் என்று உட்கார்ந்தேன். அந்த வங்கி லெவல் வந்தது. பழைய கேமிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. அங்கே போலீஸ்காரர்களைக் கொல்லக் கூடாது, கொன்றால் ஆட்டம் முடிந்தது. நாற்காலியோ சாம்பல் கிண்ணமோ கையில் கிடைத்ததை எடுத்துத் தலையில் போட்டு மயக்க வேண்டும். அந்த அடி விழும்போது திரையில் எழும் எழுத்தில் ஒரு சிரிப்பும் இருக்கும், உயிர் போகவில்லை என்ற நிம்மதியும் இருக்கும். புதியதிலும் நாற்காலியை எடுத்தேன், அடித்தேன், ஆள் விழுந்தான், எழுத்தும் வந்தது. எனக்குள் ஒன்றும் நடக்கவில்லை.

ஏன் என்று அன்று நெடுநேரம் யோசித்தேன். அப்புறம் பழைய கேமையும் நிறுவி, அதே வங்கியை இரண்டிலும் மாற்றி மாற்றி ஆடிப் பார்த்தேன். வித்தியாசம் எழுத்தில் இல்லை. எழுத்தைச் சுற்றியிருந்த உலகத்தில் இருந்தது. பழைய கேமில் சுவர், தரை, மேஜை எல்லாமே தட்டையான நிறம். மனிதர்கள் கருப்புக் கோட்டுக்குள் இருக்கும் தட்டையான நிறம். எழுத்தும் அதே தட்டையான நிறம். மூன்றும் ஒரே காகிதத்தில் ஒரே பேனாவால் வரைந்தவை என்று கண் ஏற்றுக்கொள்கிறது. அதனால் எழுத்தைப் படிப்பதும் ஆளைப் பார்ப்பதும் ஒரே செயலாகிவிடுகிறது. புதியதில் மேஜையில் மினுமினுப்பு இருக்கிறது, தரையில் பிரதிபலிப்பு இருக்கிறது, சுவரில் நுணுக்கமான தேய்மானம் இருக்கிறது. கோட்டைத் திரும்பக் கொண்டுவந்தும் அந்த உலகம் கோட்டுக்காகக் கட்டப்பட்ட உலகம் இல்லை. அதில் எழுத்து வந்து விழும்போது, நடக்கிற காட்சிக்கு மேல் யாரோ ஒட்டிய ஸ்டிக்கராக இருக்கிறது. கண் அதை ஒருமுறை பார்க்கிறது, பிறகு பார்ப்பதை விட்டுவிடுகிறது. நான் காலடி எழுத்துகளைக் கவனிக்காமல் ஒலியை நம்ப ஆரம்பித்திருந்தேன். அதாவது, மற்ற எல்லா ஷூட்டர்களையும் ஆடுவதுபோலவே இதையும் ஆடிக்கொண்டிருந்தேன்.

அவ்வளவு நாளாக இடித்துக்கொண்டிருந்தது இதுதான். 'தேர்ட்டீ'னில் தோற்றம் என்பது ஆட்டத்தின் விதிகளில் ஒன்று. எதைப் பார்த்து, எதை வைத்து முடிவெடுத்து, எப்போது நகர வேண்டும் என்பதை அந்தக் கோடும் தட்டையும்தான் தீர்மானித்தன. அவற்றை மாற்றிவிட்டு, எழுத்தையும் பேனலையும் அப்படியே வைத்துக்கொண்டால் வடிவம் மிஞ்சும், வேலை நடக்காது. விமர்சனங்களில் கிராபிக்ஸுக்கு ஒரு பத்தி, ஒலிக்கு ஒரு பத்தி, ஆட்டத்துக்கு ஒரு பத்தி என்று பிரித்து எழுதும் பழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. பெரும்பாலான கேம்களுக்கு அது பொருந்தவும் செய்யும். இந்தக் கேமுக்குப் பொருந்தாது. ஆட்டத்தைப் பற்றிய பத்தியிலேயே கருப்புக் கோட்டைப் பற்றி எழுதியிருக்க வேண்டும்.

இதே தவறு வேறு இடத்திலும் நடந்தது. 2021 நவம்பரில் வந்த, பழைய 'ஜிடிஏ' (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) கேம்களின் புதுப்பித்த மூன்று பாகத் தொகுப்பில், 'சான் ஆண்ட்ரியாஸ்' வரைபடத்தை மூடியிருந்த பழைய மூடுபனியை எடுத்துவிட்டார்கள். அந்தப் பனி அன்றைய கருவிகளின் போதாமையால் வந்ததுதான். ஆனால் அதுதான் அந்த நிலத்தை முடிவில்லாததாக உணர வைத்தது. அது விலகியதும் ஒரு மலைமேல் ஏறி நின்றால் மூன்று நகரங்களும் பக்கத்துப் பக்கத்தில் தெரிந்தன, உலகமே சுருங்கிப்போனது. பழைய ஒளியமைப்பைத் தேர்ந்தெடுக்கும் வசதி கன்சோல்களுக்கும் கணினிக்கும் 2024 நவம்பர் அப்டேட்டில்தான் வந்தது. எதிர்ப்பக்கம் நைட்டைவ் ஸ்டூடியோ உருவாக்கி 2023இல் வந்த 'சிஸ்டம் ஷாக்' ரீமேக் இருக்கிறது. ஒளியெல்லாம் இன்றைய ஒளி. ஆனால் சுவருக்கு அருகே போனால் பிக்சல் கட்டங்கள் வேண்டுமென்றே அப்படியே விடப்பட்டிருக்கும். எதை விடக் கூடாது என்று முதலிலேயே முடிவுசெய்துவிட்டு வேலையைத் தொடங்கியவர்களின் கேம் அது.

தொடரும் என்ற சொல்

இன்னொன்றைப் பற்றி விமர்சனங்கள் அதிகம் பேசவில்லை என்பது எனக்கு ஆச்சரியமாகவே இருக்கிறது. ரீமேக்கும் அதே இடத்தில்தான் நிற்கிறது. 2003இல் பாதியில் விட்ட கதையை 2020இலும் பாதியில் விட்டார்கள். 2003இல் விட்டதற்கு ஒரு நியாயம் இருந்தது, அடுத்த பாகம் வரும் என்று நினைத்திருப்பார்கள். பதினேழு ஆண்டுகள் கழித்து அந்த நியாயம் இல்லை. வான் ஹாமும் வான்ஸும் தங்கள் பங்குக்கான கதையை 2007இலேயே முடித்துவிட்டார்கள். முடிவு என்ன என்பது அச்சில் இருக்கிறது, பல மொழிகளில் படித்துக்கொள்ளலாம். ஒரே ஒரு லெவல் போதும், அதுவும் முடியாவிட்டால் அசையாத பேனல்கள் சிலவற்றில் சொல்லியிருக்கலாம். காமிக்ஸிலிருந்து பிறந்த கேம் காமிக்ஸாகவே முடிந்திருந்தால் யார் குறை சொல்லியிருப்பார்கள்? டுகோவ்னியின் பழைய ஒலிப்பதிவைத்தான் ரீமேக்கிலும் பயன்படுத்தினார்கள். ஆடம் வெஸ்ட் 2017இல் இறந்துவிட்டார், புதிதாகப் பேசவைக்க வழியில்லை. அதெல்லாம் புரிகிறது. ஆனால் குரல் இல்லாமல் கதை சொல்லும் கலை கைக்கு எட்டிய தூரத்திலேயே இருந்தது.

மெட்டாக்ரிட்டிக்கில் ஒரு பத்திரிகை முதலில் கொடுத்த மதிப்பெண்தான் நிலைக்கும், பின்னால் மாற்றினாலும் ஏற்கப்படாது. அதனால் 2020இன் எண்தான் இன்றும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. டவர் ஃபைவ் செய்த உழைப்புக்கு அங்கே இடமில்லை. முதல் வாரத்தில் கூட்டமாக எழுதியவர்களில் மிகச் சிலரே 2022இல் திரும்ப வந்து எழுதினார்கள். இதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. இன்றைய பதிப்பு நல்ல கேம் என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் 2020இல் நாம் ஒரே குரலில் சொன்ன காரணங்கள் எவ்வளவு தூரம் சரி என்று பரிசோதிக்க, நம் கைக்குக் கிடைத்த அபூர்வமான வாய்ப்பு அது. பட்டியலில் இருந்த கோளாறுகளில் பெரும்பாலானவை போய்விட்டன. அப்படியும் கேம் எழுந்து நிற்கவில்லை என்றால், பட்டியலில் இல்லாத ஏதோ ஒன்று இருந்திருக்கிறது என்றுதானே பொருள்? அதைப் பற்றி அன்று படுமோசம் என்று எழுதிய ஒருவர் வந்து எழுதினால் ஆவலோடு படிப்பேன். பழைய 'தேர்ட்டீன்' ஸ்டீமிலும் ஜிஓஜி என்ற இன்னொரு விற்பனைத் தளத்திலும் இன்னும் விற்பனையில் இருக்கிறது. அகலத்திரையில் ஒழுங்காக ஓட வைக்க ரசிகர்கள் செய்த சிறு திருத்தங்களைப் போட்டுக்கொண்டால் நன்றாகவே ஓடுகிறது. புதிதாகத் தொடங்குகிறவர் யாராவது கேட்டால் அதைத்தான் சொல்கிறேன். முதல்முறை அந்த வங்கிக்குள் நுழையும்போது சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.